முதியோர் இல்ல உதவியாளருக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

நல்லம்பள்ளி_இல்லம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி பக்கத்தில் ஒரு சின்ன முதியோர் இல்லத்துக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். 22 பெரியவர்கள் இருக்கிறார்கள். 6 பேர் படுத்த படுக்கை, 4 பேருக்கு மறதி நோய், பாதிக்கு மேல் சுகர்காரர்கள். பகலில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் உண்டு. சாயங்காலம் 6 மணிக்கு அவர் கிளம்பிவிட்டால் விடியும்வரை உதவியாளர்கள்தான்.

புதிதாக மூன்று பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறோம். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்கள். ஒருவர் பத்தாவது, மற்ற இருவரும் எட்டாவது. நல்ல மனசு, முகம் சுளிக்காமல் வேலை செய்கிறார்கள். டிரஸ்டில் ஒருவர், "பழைய ஆள் கூட ரெண்டு நாள் நின்னு பாத்தா போதும், மூணாம் நாள் நைட் டூட்டி போட்டுடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் "ஏன் போதாது, எத்தனை நாள் வேண்டும், எந்தச் சட்டம் கேட்கிறது" என்று திருப்பிக் கேட்டால் சொல்ல என்னிடம் தெளிவான பதில் இல்லை. சான்றிதழ் படிப்பு கட்டாயமா? இல்லத்திலேயே சொல்லிக்கொடுக்கலாமா? எதை முதலில் சொல்லித்தருவது? அடுத்த டிரஸ்ட் கூட்டத்தில் எடுத்துவைக்க வேண்டும். விவரமாக எழுதுங்கள்.

ஸ்டாஃப்நர்ஸ்_ஓசூர் எழுதியது:

மேடம், இரண்டு நாளில் தனியாக நைட் டூட்டி போடவே கூடாது. பெரியவர்களுக்கும் ஆபத்து, அந்தப் பெண்களுக்கும் ஆபத்து.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். நம்மிடம் இருப்பது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். அதன் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லங்களை அரசு அமைக்கலாம் என்கிறது. அந்த இல்லங்களின் தரத்தை வகுக்கும் பொறுப்பு மாநில அரசுக்கு. உதவியாளருக்கு இத்தனை மணி நேரப் பயிற்சி என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா இல்லங்களின் பதிவு, குறைந்தபட்சத் தரம் பற்றியெல்லாம் பேசியது. அது சட்டமாகவில்லை. சட்டம் அளவு சொல்லாததால் பொறுப்பு முழுக்க இல்லம் நடத்துகிறவர்கள் தலையில்தான். டிரஸ்டில் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

அடுத்தது, யார் எதைச் செய்யலாம் என்பது. ஏஎன்எம் இரண்டு வருடம், ஜிஎன்எம் மூன்று வருடம், பிஎஸ்சி நர்சிங் நான்கு வருடம் படித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்கிறோம். உதவியாளருக்கு அந்தப் படிப்பும் இல்லை, பதிவும் இல்லை. ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, மூக்கு டியூப் மாற்றுவது, யூரின் டியூப் போடுவது, மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைப்பது எதுவும் அவர்கள் வேலை இல்லை. எவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணாக இருந்தாலும் சரி. "எங்க ஆயாம்மாவே ஊசி போட்டுடுவாங்க" என்று பெருமையாகச் சொல்லும் இல்லங்களைப் பார்த்திருக்கிறேன். ஏதாவது ஆகிவிட்டால் அந்த அம்மாதான் மாட்டிக்கொள்வார்.

இனி, பெரியவரைத் தொடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது. முதலில் கை கழுவுதல். சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம். ஒருவருக்கு டயப்பர் மாற்றிய கிளவுஸோடு அடுத்தவர் கட்டிலுக்குப் போகக் கூடாது. இதை வாயால் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் யார் செய்கிறார்கள் என்று தெரியும்.

அப்புறம் திருப்பிப் படுக்கவைப்பது. படுக்கைப்புண் வராமல் தடுப்பதில் பாதி வேலை இதுதான். எழுந்திருக்க முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். ஒரேயடியாக இடுப்பெலும்பின்மேல் படுக்கிற மாதிரி திருப்பாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி நிற்க வேண்டும். கிளவுஸில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பது, காற்றடித்த வளையத்தில் உட்காரவைப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். இழுத்து நகர்த்தினால் தோல் உரியும். டிரா ஷீட் (உடம்புக்கு அடியில் குறுக்காக விரிக்கும் துணி) போட்டு இருபுறமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும்.

புண் வருவதற்கு முன் தோல் சிவக்கும், அழுத்தினால் வெளுக்காது என்று புத்தகத்தில் படிக்கிறோம். நம் ஊர்க் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு பல நேரம் கண்ணுக்கே தெரியாது. புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, சொதசொதவென்றோ இருந்தால் அங்கே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறேன் என்று பாசத்தில் செய்வார்கள், உள்ளே இருக்கிற சதை இன்னும் நைந்துபோகும்.

இவ்வளவையும் இரண்டு நாளில் பார்க்கத்தான் முடியும், கையில் படியாது.

அரூர்_மகள் எழுதியது:

சிஸ்டர் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவுக்குப் பக்கவாதம். வீட்டில் பார்க்க ஆளில்லாமல் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். புதிதாக வந்த ஒரு பெண் அம்மாவைச் சாய்த்துப் படுக்கவைத்தபடியே இட்லி ஊட்டியிருக்கிறாள். இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல், நெஞ்சில் சளி, மூச்சுத் திணறல். சாப்பாடு நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். ஐசியூவில் வைத்துத்தான் மீட்டோம்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. பக்கவாதம் வந்தவருக்கு எப்படி ஊட்டுவது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. சேர்க்கும்போது கட்டிலையும் பாத்ரூமையும் சுற்றிக் காட்டினார்கள், ஆள் பழகியவரா என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்கள் என்ன கேட்டுப் பார்த்துச் சேர்க்க வேண்டும்?

காவேரிப்பட்டினம்_பிசியோ எழுதியது:

அம்மா இப்போது நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். சாப்பாடு கொடுக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள், அதுவே பெரிய பரிசோதனை. நேராக உட்காரவைத்து, மோவாயைச் சற்று உள்ளே இழுத்தபடி, சின்ன ஸ்பூனில் கொடுக்கிறார்களா? ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய் கொடுக்கிறார்களா? இழுத்துக்கொண்ட பக்கத்துக் கன்னத்தில் சாப்பாடு தங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்களா? முடிந்ததும் அரை மணி நேரமாவது உட்காரவைக்கிறார்களா? விழுங்கியதும் குரல் களகளவென்று மாறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எல்லோரும் தண்ணீர் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். விழுங்குவதில் தடுமாற்றம் இருப்பவருக்குத் தண்ணீர்தான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். கொஞ்சம் கெட்டியாக்கினால் கட்டுப்படும். எந்தப் பதம் என்பதை டாக்டரோ பேச்சுப் பயிற்சியாளரோ பார்த்துச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் ராகிக் களி. உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கிப் பழகியவர்கள் நம் பெரியவர்கள். "களி குடும்மா" என்று கெஞ்சுவார்கள், பாவமாக இருக்கும். ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு அந்த உருண்டை தொண்டையில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். அதே ராகியைக் கட்டியில்லாமல் கூழாகக் காய்ச்சித் தரச் சொல்லுங்கள். டெல்லியிலோ சென்னையிலோ அச்சடித்த பயிற்சிப் புத்தகத்தில் களியைப் பற்றி எதுவும் இருக்காது. நாம்தான் சேர்க்க வேண்டும்.

அதேபோல ஃபுளோரைடு. இதைப் பற்றி இல்லங்களில் யாருமே பேசுவதில்லை, எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் பல ஊர்களில் அதைவிட அதிகம். இதற்காகவேதான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. இன்றைக்கு 75, 80 வயதில் இல்லங்களில் இருப்பவர்கள் அதற்கு முன்பு வாழ்நாளெல்லாம் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் குடித்தவர்கள். பல்லில் காவி மட்டும் இல்லை, பலருக்கு முதுகெலும்பும் கழுத்தும் இறுகிப்போயிருக்கும். கழுத்தைத் தனியாகத் திருப்ப முடியாது, முழு உடம்பையும் சேர்த்துத்தான் திரும்புவார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தியாகத் தெரியும், ஆனால் சுலபமாக முறியும்.

இது தெரியாத உதவியாளர் அக்குளில் கைவிட்டு வெடுக்கென்று தூக்குகிறார், தலையணை வைக்கக் கழுத்தை வளைக்கிறார். பெரியவர் வலியில் கத்தினால் "இந்தத் தாத்தா எப்பவுமே இப்படித்தான்" என்று பெயர் வாங்கிவிடுகிறார். தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில், இரண்டு பேராக, ஒரே துண்டாக உருட்டித் திருப்பப் பழக்குங்கள். நாலைந்து தலையணைகள் கூடுதலாக வாங்கிவையுங்கள்.

நைட்டூட்டி_அக்கா எழுதியது:

நான் கிருஷ்ணகிரியில் ஓர் இல்லத்தில் பல வருடமாக வேலை செய்கிறவள். எல்லோரும் எங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று எழுதுகிறீர்கள், சந்தோஷம். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒரு அக்கா செய்ததைப் பார்த்துச் செய்தேன். அந்த அக்கா சரியாகச் செய்ததும் வந்தது, தப்பாகச் செய்ததும் வந்தது. இரண்டு நாள் "கூட நின்னு பாக்கிறது" என்றால் இதுதான் நடக்கும்.

பயிற்சி வைக்கிறேன் என்று லீவு நாளில் வரச்சொல்வார்கள், அதற்குச் சம்பளம் கிடையாது. இரவு முழுக்க விழித்திருந்துவிட்டுக் காலையில் வகுப்பில் உட்கார்ந்தால் என்ன ஏறும்? பயிற்சி நேரம் டூட்டி நேரமாக இருக்க வேண்டும், கூலியோடு.

இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும் என்று பிசியோ சார் எழுதியிருக்கிறார். நூறு சதவீதம் சரி. ஆனால் இரவில் நான் ஒருத்திதான். இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லித்தந்துவிட்டு ஒருத்தியைப் போட்டால் அந்தப் பயிற்சிக்கு என்ன பிரயோஜனம்? என் இடுப்பு வலி இப்படி வந்ததுதான்.

இன்னொன்று, இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பாட்டிக்கு வாய் கோணுகிறது, ஒரு கை தொங்குகிறது. பார்த்ததும் பக்கவாதம் என்று எனக்குத் தெரிகிறது. 108-ஐக் கூப்பிட நான் யாரைக் கேட்க வேண்டும்? பல இல்லங்களில் மேனேஜரைக் கேட்காமல் கூப்பிடக் கூடாது. மேனேஜர் போனை எடுக்க மாட்டார். எடுத்தால் "பையன்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்பார். பையன் பெங்களூரில் தூங்கிக்கொண்டிருப்பார். இப்படியே விடிந்துவிடும். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட, பக்கவாதம் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் என்று ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, செய்யவும் விட வேண்டும்.

ஸ்டாஃப்நர்ஸ்_ஓசூர் எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன 108 விஷயத்தை எங்கள் இல்லத்தில் எழுதியே ஒட்டியிருக்கிறோம். வாய் கோணல், கை கால் விழுதல், பேச்சுக் குழறல், நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல், விழுந்து அடிபட்டு எழுந்திருக்க முடியாமை. இதில் எது நடந்தாலும் முதல் போன் 108, இரண்டாவது போன் நர்ஸுக்கு, மூன்றாவது போன் மேனேஜருக்கு. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துவைக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். குடும்பத்திடம் சேர்க்கும் நாளிலேயே இதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எல்லா உதவியாளருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ், இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளே இதைக் கேட்கின்றன. ஊசி குத்திவிட்டால் திட்டுவார்கள் என்று மறைக்காமல் உடனே சொல்லும்படி பழக்க வேண்டும்.

பாகலூர்_ரோடு எழுதியது:

நானும் ஓர் இல்லம் நடத்துகிறேன். சொல்வதெல்லாம் நியாயம், மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையையும் பேசுவோம். ஒரு பெண்ணுக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்து ஆளாக்கினால், அடுத்த மாதம் ஓசூர் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுகிறார். அங்கே சம்பளம் கூடுதல், பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது, கேன்டீன் சாப்பாடு, மலம் மூத்திரம் தொட வேண்டியதில்லை. தடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒருவர் போனால் திரும்ப முதலிலிருந்து. சின்ன இல்லங்கள் இந்தச் செலவை எப்படித் தாங்கும்? அரசு உதவி ஏதாவது உண்டா?

தகடூர்_பயிற்றுநர் எழுதியது:

சார், உங்கள் சிரமம் புரிகிறது. நான் திறன் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுக்கிறேன்.

'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்ற படிப்பு இருக்கிறது. சுகாதாரத் துறைத் திறன் கவுன்சில் வகுத்தது, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் நான்காம் நிலை. பொதுவாகப் பத்தாவது முடித்தவர்கள் சேரலாம், சில மாதங்கள். வீட்டில் நோயாளியைப் பார்ப்பதற்கும் முதியோர் பராமரிப்புக்கும் தனித்தனிப் படிப்புகள் உண்டு. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் வழியாகவும் நடக்கும்போது கட்டணம் இல்லை. நல்லம்பள்ளி மேடம், உங்களிடம் பத்தாவது முடித்திருக்கும் பெண்ணை இதற்கு அனுப்புங்கள். எட்டாவது படித்த இருவரையும் கைவிட வேண்டாம். சான்றிதழ் இல்லை என்பதால் அவர்களால் நல்ல உதவியாளராக முடியாது என்று இல்லை.

சான்றிதழோடு வருகிறவரையும் அப்படியே நம்பி இரவு டூட்டி போடாதீர்கள். வகுப்பில் பொம்மையைத் திருப்பிப் பழகியவர்கள் பலர். பொம்மை கத்தாது, உதறாது, கையைப் பிடித்துக்கொள்ளாது. உங்கள் இல்லத்தில், உங்கள் பெரியவர்மேல், நர்ஸ் கண்ணெதிரே ஒவ்வொரு வேலையையும் செய்துகாட்ட வேண்டும். சரியாக இருந்தால் நர்ஸ் தேதி போட்டுக் கையெழுத்திடட்டும். எந்த வேலைக்குக் கையெழுத்து இல்லையோ அதைத் தனியாகச் செய்யக் கூடாது. இத்தனை நாள் என்று எண்ணுவதைவிட இது உறுதியான அளவு. சிலருக்கு இரண்டு வாரத்தில் எல்லாம் முடியும், சிலருக்கு ஆறு வாரம் ஆகும்.

பஸ் ஏறிப் போகிறார்கள் என்றீர்கள். கையெழுத்து வாங்கிய வேலைகள் கூடக் கூட சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி வையுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஈஎஸ்ஐ வருமா என்று பாருங்கள், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்கு உண்டு. கம்பெனியில் கிடைக்கிற மரியாதை இங்கேயும் கிடைத்தால் சிலராவது நிற்பார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, நினைவிருக்கும். அதில் வீடு தேடி வரும் வலி நிவாரண சேவையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அந்தச் செவிலியர்கள் படுத்த படுக்கையானவர்களைத் தினமும் பார்ப்பவர்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் வரும் நாளில் உங்கள் பெண்களைப் பக்கத்தில் நிற்கவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

பாப்பாரப்பட்டி_டெக்சாஸ் எழுதியது:

சொந்த ஊர் பாப்பாரப்பட்டி. இங்கே அமெரிக்காவில் நர்சிங் ஹோமில் உதவியாளராக இருக்கிறேன். இங்குள்ள விதியைச் சொல்கிறேன், டிரஸ்ட் கூட்டத்தில் உதவலாம்.

1987-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, அரசுக் காப்பீட்டுப் பணம் வாங்கும் நர்சிங் ஹோமில் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி. அதில் 16 மணி நேரமாவது நர்ஸ் மேற்பார்வையில் செய்முறை. தவிர, ஒருவரைத் தொடுவதற்கு முன்பே 16 மணி நேரம் முடித்திருக்க வேண்டும்: தொற்றுத் தடுப்பு, பேசும் முறை, மூச்சடைத்தால் என்ன செய்வது, அவரால் முடிந்ததை அவரே செய்ய விடுவது, அவருடைய உரிமைகள். பல மாநிலங்கள் 75-க்கும் மேல் கேட்கின்றன. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதத்துக்குள் பயிற்சியும் தேர்வும் முடிய வேண்டும். அப்புறமும் வருடம் 12 மணி நேரம் தொடர் பயிற்சி, அதில் மறதி நோயும் முதியவரைத் துன்புறுத்தாமல் தடுப்பதும் கட்டாயம். தொடர்ந்து 24 மாதம் இந்த வேலை பார்க்காமல் இருந்தால் திரும்பவும் பயிற்சியோ தேர்வோ. வேலையில் இருப்பவரிடம் பயிற்சிக்கு இல்லம் காசு வாங்கக் கூடாது.

தேர்வில் நம்மைச் செய்துகாட்டச் சொல்வார்கள். கை கழுவினோமா, கதவைத் தட்டினோமா, திரையை இழுத்தோமா, வீல்சேர் பிரேக்கைப் போட்டோமா, அழைப்பு மணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோமா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். துணி மாற்றும்போது திரை இழுப்பதை இங்கே வந்துதான் பழகினேன். நம் ஊர் இல்லங்களில் பொது ஹாலில் எல்லோர் முன்னிலையிலும் டயப்பர் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு புடவையைக் கட்டித் தொங்கவிட எவ்வளவு செலவாகும்? அந்தப் பாட்டிக்கும் மானம் உண்டு.

தேன்கனிக்கோட்டை_பேத்தி எழுதியது:

மறதி நோய் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, அதனால் சேர்க்கிறேன். எங்கள் அவ்வா தமிழ் நன்றாகப் பேசியவர். மறதி முற்றியதும் தமிழ் போய்விட்டது, சின்ன வயதில் பேசிய தெலுங்கு மட்டும் மிச்சம். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்து இல்லங்களில் கன்னடம், தெலுங்கு பேசுகிற பெரியவர்கள் நிறைய. "தண்ணீர்", "வலிக்குது", "பாத்ரூம்", "பசிக்குது" போன்ற பத்துப் பதினைந்து சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டினாலே பாதிச் சண்டை தீரும். அவ்வா மூன்று நாள் "முரண்டு பிடித்தார்". கடைசியில் பார்த்தால் பல் வலி.

அவர்களிடம் வாதாடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லித்தாருங்கள். இறந்துபோன கணவரைக் கேட்டால் "அவர் செத்து எத்தனையோ வருஷமாச்சு" என்று சொல்லும்போதெல்லாம் அவர்கள் புதிதாகக் கேட்பதுபோல அழுகிறார்கள். அவரைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், பேசிப் பேசி அமைதியாகிவிடுவார்கள். குளிக்க மறுத்தால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வேறொருவர் கேட்கட்டும். பின்னாலிருந்து தொடக் கூடாது, முகத்துக்கு நேரே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கையைக் கட்டிலில் கட்டிப்போடுவதை எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். அப்படி எங்காவது பார்த்தால் முதியோர் உதவி எண் 14567-க்குச் சொல்லுங்கள்.

பாகலூர்_ரோடு எழுதியது:

மொழிச் சீட்டு ஒட்டுவதை நாளையே செய்கிறேன், செலவே இல்லை. பயிற்றுநர் சார் சொன்ன கையெழுத்துத் தாளும் பிடித்திருக்கிறது. சம்பளத்தைப் படிப்படியாக ஏற்றுவது பற்றிக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். குடும்பங்களிடம் மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் ஒத்துக்கொள்வார்களா என்பதுதான் தயக்கம்.

அரூர்_மகள் எழுதியது:

சார், எதற்காக என்று சொல்லிக் கேளுங்கள். டைல்ஸ் போட, டிவி வாங்க என்றால் யோசிப்போம். இரவில் இரண்டாவது ஆள் போட, பயிற்சி கொடுக்க என்றால் நான் கொடுப்பேன். என் அம்மாவை ஐசியூவில் வைத்திருந்த ஒரு நாள் பில்லைவிட அது எவ்வளவோ குறைவு.

நல்லம்பள்ளி_இல்லம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கூட்டத்தில் நான் வைக்கப்போவது இதுதான். புதியவர்கள் முதல் வாரம் தனியாக யாரையும் தொட மாட்டார்கள், நர்ஸோடு அல்லது பழைய உதவியாளரோடு மட்டும். பழைய உதவியாளர்களும் முதலில் நர்ஸிடம் செய்துகாட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நைட்டூட்டி அக்கா சொன்னதுபோலத் தப்பும் சேர்ந்தே கைமாறும். கை கழுவுதல், திருப்புதல், ஊட்டுதல், விழுந்தவரைக் கையாளுதல், சுகர் குறைவதைக் கண்டுபிடித்தல், 108. இந்த ஆறுக்கும் கையெழுத்து இல்லாமல் இரவு டூட்டி இல்லை. இரவில் எப்போதும் இரண்டு பேர். பயிற்சி நேரத்துக்குச் சம்பளம். களியும் ஃபுளோரைடும் எங்கள் தாளில் கட்டாயம் இருக்கும். எங்களிடம் படுத்த படுக்கையாக இருக்கும் 6 பேரில் இருவர் அப்படிக் கழுத்து இறுகியவர்கள்தான், இவ்வளவு நாளும் வயசு என்றே நினைத்திருந்தோம்.

ஒரு சந்தேகம் மட்டும். மூன்று பேருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் உண்டு. நர்ஸ் 6 மணிக்கே போட்டுவிட்டுப் போகிறார், சாப்பாடு எட்டு மணிக்கு. உதவியாளருக்கு இன்சுலின் பேனா பழக்கிவிடலாமா என்று டிரஸ்டில் கேட்கிறார்கள்.

ஸ்டாஃப்நர்ஸ்_ஓசூர் எழுதியது:

வேண்டாம் மேடம். அதோடு 6 மணிக்குப் போட்டு எட்டு மணிக்குச் சாப்பாடு என்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் வகை பலவும் அரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டியவை. நடுவில் சுகர் சரிந்துவிடும். இல்லத்தின் டாக்டரிடம் இன்றே பேசுங்கள். சுலபமான வழி, நர்ஸின் டூட்டியைக் காலையில் தாமதமாகத் தொடங்கி இரவுச் சாப்பாடு முடியும்வரை வைப்பது. சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது, பெரியவர்களுக்கும் சீக்கிரம் சாப்பிடுவதுதான் பிடிக்கும்.

உதவியாளருக்கு மூன்று விஷயம் பழக்குங்கள். இன்சுலின் போட்டவர் தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று பார்த்து, பாதிகூடச் சாப்பிடவில்லை என்றால் உடனே நர்ஸுக்குச் சொல்வது. திடீர் வியர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம், எழுப்பினால் எழாமல் கிடப்பது எது கண்டாலும் விரலில் குத்திச் சுகர் பார்ப்பது. 70-க்குக் கீழே இருந்து, விழித்து விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்ப்பது. மயங்கிவிட்டால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108. மறதி நோய் உள்ள சுகர்காரர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம், "அவர் எப்பவும் இப்படித்தான் உளறுவார்" என்று விட்டுவிடுவார்கள்.

நாங்கள் பயன்படுத்தும் கையெழுத்துத் தாளைத் தமிழில் தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன். மூக்கு டியூப் இருப்பவர்களுக்குத் தனித் தாள் வேண்டும். உங்களிடம் எத்தனை பேர்?

நல்லம்பள்ளி_இல்லம் எழுதியது:

இருவர் சிஸ்டர். இருவருக்குமே டியூப் வழியாகக் கஞ்சி ஊற்றுவது இரவில் உதவியாளர்கள்தான். அதையும் தாளில் சேர்த்துப் போடுங்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

ஸ்டாஃப்நர்ஸ்_ஓசூர் எழுதியது:

சனிக்கிழமைக்குள் போட்டுவிடுகிறேன். அதுவரை ஒன்று மட்டும்: டியூபில் மூக்குப் பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டுவைக்கச் சொல்லுங்கள். அந்தக் கோடு இடம் மாறியிருந்தால், அல்லது ஊற்றும்போது இருமினால், எதையும் ஊற்றாமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தாமல் ஊற்றவே கூடாது, ஊற்றி முடித்த பிறகும் அரை மணிக்கு மேல் அப்படியே இருக்கட்டும்.